முதுகைச் சாய்க்க ஓர் இடம்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் கிராணித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த கூட்டத்தில் கிராணியார் படுக்கையைப் பற்றிப் பேசுவார் என்று சென்ற மாதம் செயலாளர் அறிவித்தபோது இந்த மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. "சம்பளத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் இவர் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறாரே" என்று ஒரு தோழர் என் காதில் விழும்படியாகவே சொன்னார். நானும் கூடவே சிரித்தேன். ஆனால் தோழர்களே, வீட்டுக்குப் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். வேலை நேரத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். வெட்டுக்கூலியைப் பற்றிப் பேசுகிறோம். மழை நாள் சம்பளத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறோம். அந்த வேலையைச் செய்கிற உடம்பு இரவு ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் எதன்மேல் கிடக்கிறது என்று ஒரு நாளாவது பேசியதுண்டா?

பால்வெட்டுக்காரன் விடிவதற்கு முன் எழுகிறான். அது துரையின் ஆசைக்காக ஏற்பட்ட வழக்கமல்ல. மரத்தின் குணம் அப்படி. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிவிட்டால் இலை வழியே நீர் போய்விடுகிறது, பால் சுருங்குகிறது. ஆகவே நாலு, நாலரை மணிக்கு அடுப்புப் பற்றவைத்தாக வேண்டும். எழுந்தபின் என்ன வேலை? மரத்துக்கு மரம் நடை. கீழ்வெட்டாக இருந்தால் ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பை ஒடித்துக் குனிவு. பிறகு பால் எடுத்துத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடை. இந்த முதுகு இரவில் நேராகாவிட்டால் மறுநாள் காலை கத்தி நேராக ஓடுமா? பட்டையில் காயம் பட்டால் மண்டோர் ஏசுவார். ஏன் பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

நான் இப்போது கிராணியாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பிறந்தது லயத்தில். படித்தது தோட்டத் தமிழ்ப் பள்ளியில். நாங்கள் இருந்த வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் குசினி. ஏழு பேர். இரவு எட்டரை மணிக்குப் பாய் விரிக்கும்போது ஒரு முறை உண்டு. சுவரோரம் பாட்டி, அடுத்துத் தங்கைகள், அதற்கடுத்து அம்மா. வாசற்கதவை ஒட்டி அப்பா. அவர்தானே முதலில் எழுந்து போகிறவர்! எனக்கும் தம்பிக்கும் அஞ்சடியில் இடம். மழை அடித்தால் நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடி, மற்றவர் கால்களுக்கு நடுவே நுழைந்துகொள்வோம்.

தரை சிமெண்டுத் தரை. கடும் மழைக் காலத்தில் அது வியர்க்கும். காலையில் மெங்குவாங் பாயைத் தூக்கினால் பாயின் அச்சு ஈரமாகத் தரையில் தெரியும். அப்பா கண் விழித்ததும் எழமாட்டார். முதலில் ஒரு பக்கமாகப் புரளுவார். பிறகு முழங்காலை மடக்குவார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரே முயற்சியில் நிமிர்வார். அந்த மூச்சுச் சத்தம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். அதைக் கேட்டுத்தான் அம்மா எழுவார். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். உங்கள் வீட்டிலும் அதே சத்தம் கேட்டிருக்கும்.

எனக்குப் பதினைந்து வயது. மறுநடவுக்காகப் பக்கத்து நிரைகளில் பால்மரங்களைச் சாய்த்தார்கள். வெள்ளை வெளேரென்ற மரம், ரம்பத்துக்கு வெண்ணெய் மாதிரி இழையும். பாட்டனும் அப்பனும் வெட்டிய மரத்தில் அப்பாவுக்கு ஒரு கட்டில் செய்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு ஆசை. சித்தப்பாவும் நானுமாக இரண்டு ஞாயிறு உட்கார்ந்து செய்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் கட்டிலுக்கடியில் மைதா மாவு கொட்டியதைப் போல ஒரு தூள். ஆறாம் மாதம் அப்பா உட்கார்ந்தார். கால் ஒன்று வெண்டைக்காய் போல முறிந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பால்மரத்துக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூசணம் பிடிக்கும். அதைத் தொடர்ந்து துளைக்கும் வண்டு வரும். போரக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்துகிறார்கள். அப்படிப் பதப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் அடுப்புக்குப் போன ரப்பர் கட்டை நாற்காலியாகவும் மேசையாகவும் வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. பச்சைக் கட்டையை அறுத்து அப்படியே கட்டில் செய்யாதீர்கள். எங்கள் இரண்டு ஞாயிறு வீணானது போதும்.

இரண்டாவது கட்டிலைப் பாட்டிக்காகச் செய்தேன். பழைய லயம் ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த மெராந்திப் பலகை. நல்ல மரம், பூச்சி அரிக்கவில்லை. ஆறடிக்கு மூன்றடி அளவெடுத்து, அறைக்குள்ளேயே வைத்து, நாலங்குல ஆணியை நெருக்கி நெருக்கி அடித்து முடித்தேன். அசையவே அசையாது என்று பெருமையாக இருந்தது. பாட்டி அதில் ஒன்றரை வருடம் படுத்தார். "கொஞ்சம் கெட்டியாக்கும்டா, ஆனா குளிரலை" என்பார்.

அவர் இறந்த அன்றுதான் என் முட்டாள்தனம் எனக்கு விளங்கியது. சவத்தைக் கூடத்தில் கிடத்த வேண்டும், அறையிலிருந்து கட்டிலை வெளியே எடுக்க வேண்டும். கட்டில் கதவில் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். ஆணியைப் பிடுங்கப் பார்த்தால் அதுவும் வரவில்லை. லயமே வாசலில் கூடி நிற்கிறது. அழுகைச் சத்தம் ஒரு பக்கம். நான் பாட்டியின் கட்டிலை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

சிறிய வீட்டில் கட்டில் என்பது என்றைக்கும் ஒரே இடத்தில் நிற்கிற பொருளல்ல தோழர்களே. தீபாவளிக்கு நகர வேண்டும், பெண் பார்க்க வந்தால் நகர வேண்டும், சாவுக்கும் நகர வேண்டும். ஆகையால் என் முதல் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஆணியடித்து முடுக்காதீர்கள். நான்கு மூலைக்கும் திருகாணியும் மரையும் போடுங்கள். ஒரு ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிடத்தில் கட்டில் நாலு சட்டமாகி அஞ்சடியில் சாய்ந்து நிற்கும்.

மூன்றாவது கட்டில்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம். அதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். செய்ய விரும்புகிறவர்கள் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம்.

பலகையின்மேல் படுத்தால் தோளும் இடுப்பும் குதிகாலும் மட்டுமே தாங்குகின்றன. நடு முதுகு அந்தரத்தில் நிற்கிறது. கயிற்றுக் கட்டில் நாளடைவில் தொட்டிலாகி முதுகை வில்லாக வளைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே, கொடுக்கவும் வேண்டும், தாங்கவும் வேண்டும். டயர்க் கடையில் கிழிந்த லாரி டியூப் குவிந்து கிடப்பதைப் பார்த்தபோது எனக்கு இந்த யோசனை வந்தது. கார்களுக்கு டியூப் இல்லாத டயர் வந்துவிட்டது. லாரி, டிராக்டர் டியூப்பை இன்னும் கடைகளில் கேட்டு வாங்கலாம். ஒட்டுப்போட முடியாத டியூப்பைப் பல கடைக்காரர்கள் காசு வாங்காமலே கொடுத்துவிடுவார்கள்.

டியூப்பை உள்வட்டத்தோடு ஒரு சுற்று அறுத்து விரித்துக்கொள்ளுங்கள். வால்வு இருக்கும் பகுதியைத் தள்ளிவிடுங்கள். உள்ளே வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும், கழுவிக் காயவையுங்கள். பிறகு நீளவாட்டில் இரண்டங்குல அகலத்தில் பட்டை பட்டையாக வெட்ட வேண்டும். கத்தரிக்கோலை நனைத்துக்கொண்டால் ரப்பர் பிடிக்காது. ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்தாலும் இழுக்கும்போது அங்கிருந்தே கிழியும். அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

சட்டத்துக்கு மூன்றங்குலத்துக்கு இரண்டங்குலக் கட்டை வேண்டும். நான் முதலில் ஓரங்குலப் பலகையைக் கொண்டு செய்தேன். பட்டைகளை இழுத்துக் கட்டியதும் இரண்டு நீளச் சட்டமும் உள்வாங்கிப் புளியங்காய் போல வளைந்துவிட்டன. பதினெட்டுப் பட்டை சேர்ந்து இழுக்கிற இழுப்பு சாதாரணமானதல்ல. நல்ல கட்டை போட்டாலும் நடுவில் ஒரு குறுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அந்தக் குறுக்குக் கட்டையைச் சட்டத்தின் மேல்மட்டத்தில் வைக்காமல் நாலங்குலம் தாழ்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் படுத்தவுடன் இடுப்பு அதில் இடிக்கும்.

மூன்றடி அகலத்துக்கு, மடித்து ஆணியடிக்கும் நுனிகளைத் தவிர்த்து, பட்டையின் நீளம் முப்பத்திரண்டு அங்குலம் இருந்தால் போதும். அதை இழுத்து முப்பத்தாறாக்கி அடிக்க வேண்டும். நுனியை இரண்டாக மடித்து, அதன்மேல் ஒரு தகரத் துண்டு வைத்து, அகன்ற தலையுள்ள ஆணி மூன்று. தகரம் வைக்காமல் அடித்தால் ஆணித்தலை ரப்பரை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். முதற்பட்டையைக் கட்டிலின் நடுவில் அடியுங்கள். அதற்குப்பின் இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்றாகப் போனால் இழுப்பு சமமாக அமையும். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே இரண்டங்குலம். அகலவாட்டுப் பட்டைகள் முடிந்த பிறகு நீளவாட்டில் ஐந்து பட்டையை மேலும் கீழுமாகப் பாய் முடைவதைப்போல் நுழைத்து இழுத்துவிடுங்கள்.

செய்து முடித்து அப்பாவைப் படுக்கச் சொன்னேன். படுத்தார். மறுநாள் காலை பார்த்தால் கீழே பாயில் கிடக்கிறார். "என்னப்பா?" என்றேன். "தொட்டில்ல போட்ட புள்ள மாதிரி இருக்குதுய்யா" என்றார். அவர் சொன்னது நியாயம். உடம்பின் பாரம் எங்கும் ஒரே மாதிரி இல்லையே. இடுப்புப் பக்கம் கனம் அதிகம். அங்கே பட்டை தொய்கிறது. ஆகவே நடுவில் இருக்கும் ஆறு பட்டைகளை மட்டும் இரட்டையாக்கினேன், ஒன்றின்மேல் ஒன்றாக. மறுபடியும் படுத்தார். அன்று காலை எனக்கு அந்த மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. குசினியில் அவர் மங்குக் கழுவும் சத்தம் கேட்டுத்தான் அம்மாவே எழுந்தார்.

முதுகுவலி அதோடு பறந்துபோய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடம் குனிந்த முதுகு அது. ஆனால் கதவு நிலையைப் பிடிக்காமல் எழுந்தார். அவ்வளவுதான் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

பட்டைக்கு மேலே இரண்டு கோணிச் சாக்கைப் பிரித்துத் தைத்து விரிக்க வேண்டும். ரப்பரின் கறுப்பு மெத்தையில் ஒட்டாமல் இருக்கும். அதற்கு மேலே மெத்தை. இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். தவணைக்காரர் வேனில் கொண்டுவரும் மெத்தை முதல் வாரம் மேகம் மாதிரி இருக்கிறது. வருடம் முடிவதற்குள் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. தவணை மட்டும் விழாமல் நிமிர்ந்து நிற்கிறது! மலிவான பஞ்சில் காற்றே அதிகம், சரக்குக் குறைவு. வாங்கத்தான் வேண்டுமென்றால் கையால் அழுத்திப் பார்ப்பதோடு நிற்காமல் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதே பெரும்பாலும் நாள்பட உழைக்கும்.

இலவ மரம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு வழி உண்டு. மலாய்க்காரர் கெகாபு என்பார்களே, அதுதான். காய் வெடித்ததும் எடுத்து, விதையைச் சுத்தமாகப் பிரித்துவிட வேண்டும். விதை தங்கினால் எலி தேடி வரும். பஞ்சைக் கையாளும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். உறைக்கு நெருக்கமாக நெய்த தடித்த துணிதான் வேண்டும், சாதாரணச் சீலைத் துணியானால் பஞ்சு வெளியே வரும். ஆறடி மெத்தைக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் திணித்து, கோணி ஊசியால் எட்டங்குலத்துக்கு ஒரு முடிச்சாக மேலிருந்து கீழ்வரை குத்தி இறுக்கினால் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காது. இலவம் பஞ்சு தண்ணீரை எளிதில் குடிக்காது. ஈரத் தரை வீட்டுக்கு அது நல்லதே. ஆனால் நாளடைவில் அமுங்கிவிடும். வாரம் ஒருமுறை வெயிலில் போட்டு அடித்து உதற வேண்டும். இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அது நெருப்பை உடனே பிடிக்கும். கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருளை வைத்துவிட்டுத் தூங்குகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். வலை கட்டுங்கள். நான்கு மூலையிலும் ஒவ்வொரு குச்சி நிறுத்தினால் வலை நின்றுவிடும்.

மூட்டைப் பூச்சிக்குக் கொதிக்கும் தண்ணீரைப் பொருத்துகளில் ஊற்றுங்கள். கழற்றக்கூடிய கட்டிலாக இருந்தால் அதற்கும் வசதி. எறும்புக்குக் கால்களின் கீழ் தண்ணீர் டின் வைப்பார்கள். அதில் கொசு முட்டையிடும், மூன்று நாளுக்கொருமுறை கொட்டிவிட வேண்டும். கட்டிலின் உயரம் பதினெட்டு அங்குலம் இருந்தால் பெட்டியும் அரிசி டின்னும் அடியில் போய்விடும். அப்படிப் பார்த்தால் கட்டில் இடத்தை அடைப்பதில்லை, கொடுக்கிறது.

வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு பக்கக் கட்டிலைச் சுவரோடு கீல் போட்டுப் பகலில் தூக்கி நிறுத்திவிடலாம். அந்த இடத்தில் மேசை போடலாம். ஆனால் லயத்துத் தடுப்புப் பலகையில் கீலை அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்மேல் கட்டிலோடு விழுவீர்கள்! தூணில் அடியுங்கள்.

இப்போது கிராணியின் கணக்கு ஒன்று. பால் கொட்டகையில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு உங்கள் பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பது என் வேலை. அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் கணக்குதான்.

ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, உறையவைத்து, வேகவைத்து மெத்தையாக்கும் முறையை இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள் 1929இல் கண்டுபிடித்தார்கள். கம்பெனி அதற்கு டன்லப்பிலோ என்று பெயர் வைத்தது. இத்தொழிலுக்கு வேண்டிய பால் தோட்டத்திலிருந்து அம்மோனியா கலந்து, இயந்திரத்தில் சுழற்றித் தண்ணீரைக் குறைத்து, பீப்பாயிலும் டாங்கிக் கப்பலிலும் போயிற்று. நல்ல ரப்பர் மெத்தை, ஆறடிக்கு மூன்றடி, நாலங்குலக் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போட்ட கணக்குப்படி அதில் பதின்மூன்று கிலோ அளவுக்கு ரப்பர் இருக்கும். உங்கள் வாளிப் பாலில் மூன்றில் ஒரு பங்கு ரப்பர் என்றால் சுமார் நாற்பது லிட்டர் பால். நல்ல மரமும் நல்ல நாளுமாக இருந்தால் ஒரு கைதேர்ந்த வெட்டுக்காரர் ஒரு நாளில் கொண்டுவருகிற பால். மரம் சரியில்லாவிட்டால் இரண்டு நாள் பால்.

அதாவது என் அப்பா, முப்பது வருடத்தில், ஆயிரக்கணக்கான மெத்தைக்குப் பால் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் படுத்திருக்கிறார். இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். தவணைக்காரர் நமக்கு விற்கும் மெத்தையில் இருப்பது நம் ரப்பரல்ல, பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செய்த பஞ்சு. நான் கட்டில் பின்னிய லாரி டியூப்பும் பெரும்பாலும் பியூட்டில் என்ற செயற்கை ரப்பரே. காற்றைக் கசியவிடாது என்பதற்காக அதில் செய்கிறார்கள். நாம் வெட்டுகிற பால் சுற்றிச் சுற்றி எங்கெங்கோ போகிறது. நம் முதுகுக்கடியில் மட்டும் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். எழுந்தும் விட்டது. சங்கத்தில் என்னைவிட மூத்த ஒருவர், நான் மாமா என்று அழைக்கிறவர், இந்தக் கட்டிலை வந்து பார்த்தார். கையால் தட்டிப் பார்த்தார். படுத்தும் பார்த்தார். எழுந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா இதை எல்லா வீட்டிலயும் செஞ்சு வைச்சுட்டீங்கன்னா, நாளைக்கு நிர்வாகம் வந்து பாத்துட்டு என்ன சொல்லும்? சௌகரியமாத்தானே இருக்கீங்க, வீட்டுக்கு என்ன குறைன்னு கேக்கும். குறையை நாமளே மூடிவைக்கிறதா?"

இரண்டு நாள் எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது நடந்திருக்கிறது. நாங்கள் முன்பு இருந்த ஒரு தோட்டத்தில் ஒழுகுகிற கூரைக்கு எல்லாரும் தாங்களே கித்தான் துண்டு கட்டிக்கொண்டோம். கூரையைப் பார்க்க வந்தவர் உள்ளே ஒழுகவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மேலும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

என்றாலும் மாமாவின் முடிவோடு நான் உடன்படவில்லை. அப்பாவின் முதுகை மனுவோடு சேர்த்து நிர்வாகத்துக்கு அனுப்ப முடியாது. மனு மேசையில் கிடக்கும். முதுகு தரையில் கிடக்கும். எதற்காக அந்த முதுகு காத்திருக்க வேண்டும்? கட்டிலைச் செய்வோம், செய்ததை மறைக்காமல் எழுதிவைப்போம். எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை அடி இடம், தரை ஈரமா காய்ந்ததா, கட்டில் யார் செலவில் வந்தது, எத்தனை வெள்ளி ஆயிற்று என்று வீட்டுக்கு வீடு ஒரு பட்டியல் நம் கிளையில் இருக்கட்டும். "சௌகரியமாக இருக்கிறீர்களே" என்று யாராவது சொன்னால், அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுத்த பணத்தின் கணக்கை முன்னால் வைப்போம்.

வெறும் ஆசையாக இதைப் பேசவில்லை. தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்து 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990இல் வேறொரு சட்டம் வந்தது. அச்சட்டத்தைத் திருத்தியபின் 2020இல் தங்குமிட விதிகள் வந்தன. தொழிலாளருக்குத் தங்குமிடம் தருகிற முதலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில், நாலங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுகிற அலமாரி தரவேண்டும் என்று அவ்விதிகள் சொல்கின்றன. மெத்தையின் கனத்தை அங்குலக் கணக்கில் அரசாங்கமே எழுதியிருக்கிறது என்று படித்தபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டு முறை படித்தேன். படுக்கையைப் பற்றிச் சங்கத்தில் பேசுவதா என்று சிரித்த தோழருக்கு இதைச் சொல்கிறேன்: சட்டம் செய்கிறவர்கள் பேசிவிட்டார்கள். நாம்தான் தாமதம்.

இந்த விதிகள் முக்கியமாக வெளிநாட்டுத் தொழிலாளர் நெருக்கியடித்துத் தங்கும் விடுதிகளை நினைத்துப் பேசப்பட்டவை. அதையும் நாம் மனத்தில் வைக்க வேண்டும். நம் தோட்டத்திலும் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று நம்மில் யார் போய்ப் பார்த்தோம்? என் பாட்டனார் கப்பலில் வந்து இறங்கிப் படுத்த தரை எப்படி இருந்திருக்குமோ, அதைவிட இது மேலா என்று எனக்குச் சந்தேகம். பட்டியல் எடுக்கும்போது அந்த வரிசை வீடுகளையும் விட்டுவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். செயலவை முடிவு செய்யட்டும்.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. குலை வெட்டுகிறவருக்கும் முதுகு ஒன்றுதான். அண்ணாந்து வெட்டுவதால் கழுத்துக்கும் சேர்த்து வலி. ஆகவே கட்டில் விஷயம் பால்வெட்டுக்காரருக்கு மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு அறிவிப்புச் செய்துவிட்டு உட்காருகிறேன். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இந்த மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு கட்டில் செய்யப்போகிறோம். ஒன்று, இரண்டாம் லயத்தில் கால் முறிந்து கிடக்கும் தோழருக்கு. இன்னொன்று, தனியாக இருக்கும் ஆயக்கொட்டகை ஆயாவுக்கு. லாரி டியூப் மூன்று என்னிடம் இருக்கிறது, இன்னும் ஒன்று வேண்டும். மெராந்திக் கட்டை தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். ரம்பம் வைத்திருப்பவர்கள் ரம்பத்தோடு வரவும். மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பட்டியல் எழுதும் நோட்டுப் புத்தகத்தை அவரிடமே கொடுத்திருக்கிறேன்.